கொண்டைக்கடலைக்கு வந்த பழி

ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ஒரே கரண்டி. சாப்பிடுகிற வயிறு மட்டும் இரண்டு. மனைவிக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டே போனது, கணவருக்கு ஏறிக்கொண்டே போனது. இது எப்படி என்று டாக்டருக்கும் விளங்கவில்லை, சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்த டயட்டீஷியனம்மாவுக்கும் விளங்கவில்லை. சமைத்துப் போட்டவளுக்கோ தலையே வெடித்துவிடும் போலிருந்தது. விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் அந்த வாயைச் சாப்பிட மட்டும்தான் திறந்தார்.

சமைத்துப் போட்டவளை அவள் வேலை செய்யும் சட்டைக் கம்பெனியில் செக்கிங்கக்கா என்பார்கள். தைத்து முடித்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் மேசையில் விரித்து, காலர், கைப்பட்டி, பட்டன் துளை, உள்தையல் என்று விரலால் தடவிப் பார்த்து, பிசகு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. செக்கிங்கக்கா கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று தையல் லைனில் இருக்கும் பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். மண்ணை வீட்டிலேயே ஒருவர் வாரி வாரித் தூவிக்கொண்டிருந்தார் என்பது பாவம், அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்காரர் பெயிண்ட் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். டப்பாக்கள் அடுக்கிய பலகையைக் கூரை உயரத்துக்குத் தூக்கி, மூடி அசங்காமல் இறக்கி வைப்பார். அந்த இரண்டு இரும்புக் கைகளும் தன் சொந்தக் கைகள் என்ற நினைப்பு அவருக்கு. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் உடம்பைப் பார்ப்பார். சுகர் கட்டுக்குள் இல்லாதவரை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். போன தடவையே அந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கி, அடுத்த வருஷமும் இதே கதை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு லேபிள் ஒட்டுகிற மேசைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். அதை வீட்டில் வந்து சொல்லும்போது மனிதருக்குக் குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

அவளுக்கும் சுகர் உண்டு. அவருக்கு முதலில் வந்தது, அவளுக்குப் பின்னால் வந்தது. நல்லது கெட்டது எதுவானாலும் எங்க வீட்டுல ஜோடியாத்தான் வாங்குவோம் என்று கம்பெனியில் சிரித்துக்கொண்டே சொன்னவள் அவள். அதனால் அன்றைக்கே முடிவு கட்டினாள். இனி வீட்டில் இரண்டு சமையல் கிடையாது. நீங்கள் தொடாததை நான் தொட மாட்டேன், நான் தொடாததை நீங்களும் தொடக் கூடாது என்றாள். அவர் அவள் உள்ளங்கையில் தன் கையை வைத்து சத்தியம் என்றார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கிய முதல் காரியம் அது. அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் இரண்டு பேருமாக டயட்டீஷியனம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அந்தம்மா சுருக்கமாகச் சொன்னார்: பழத்தைப் பிழியாதீர்கள், கடித்துச் சாப்பிடுங்கள். தோலைச் சீவி எறியாதீர்கள். தட்டில் முதலில் காய், பிறகு பயறு, கடைசியில்தான் ரொட்டி, அதுவும் தவிடு நீக்காத மாவில் சுட்ட ரொட்டி. நார்ச்சத்து வாசலில் நிற்கிற காவலாளி மாதிரி, சர்க்கரையை முண்டியடித்து உள்ளே போக விடாது, ஒவ்வொன்றாக அனுப்பும். ஒரே நாளில் மலையாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவர் அவளைவிட இரண்டு தலையாட்டு அதிகமாக ஆட்டினார்.

அன்று முதல் அவள் அடுக்களையில் ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையும் பார்லியும் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து உப்பியிருக்கும். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் எல்லாவற்றையும் அரை வேக்காட்டில் எடுத்து எலுமிச்சை பிழிவாள். வெள்ளை ரொட்டி வீட்டுப் படியேறக் கூடாது. ஆப்பிளைத் தோலோடு நறுக்குவாள். அவர் தட்டின் முன் உட்கார்ந்து, முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடி, "அமிர்தம்" என்பார். வெறும் பார்லியை அவித்துப் போட்டு அமிர்தம் என்று பெயர் வாங்கிய பெண் உலகத்தில் வேறு எவளும் இருக்க முடியாது. அங்கேயே அவள் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்திருக்க வேண்டும். ஆனால் புகழ்ச்சி காதில் விழும்போது கண் கொஞ்சம் மங்கத்தான் செய்கிறது.

மூன்று மாதச் சராசரி சுகர் பார்த்தபோது அவளுக்கு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். அவருக்கு முன்பு இருந்ததைவிட ஏறியிருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளியில் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி மனைவியைக் கை காட்டினார். "இவகிட்டயே கேளுங்க டாக்டர்."

அவளுக்கும் பெருமை. தன் கண் முன்னால்தான் சாப்பிடுகிறார், மதியத்துக்கும் தான்தான் கட்டிக் கொடுக்கிறேன், டப்பா துடைத்துப்போட்டது போல் திரும்பி வருகிறது என்று சாட்சி சொன்னாள். அவள் சொன்ன எதிலும் பொய் இல்லை. அந்த உண்மையை நம்பி டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

வீட்டுக்கு வந்தவள் யோசித்தாள். சமையல் ஒன்றுதான், தனக்கு வேலை செய்கிறது, அவருக்குச் செய்யவில்லை என்றால் கோளாறு தன் கையில்தான் இருக்க வேண்டும். ஆம்பிளை உடம்பு, பெரிய உடம்பு, தனக்கு வைக்கிற அளவே அவருக்கு வைத்தால் எப்படிக் காணும்? இதுதான் அவள் கண்டுபிடித்த காரணம். அதற்கப்புறம் கோதுமைத் தவிட்டைச் சூப்பில் கலந்தாள், ஓட்ஸில் கலந்தாள், யாராவது தடுத்திருக்காவிட்டால் டீயிலும் கலந்திருப்பாள். தன் பங்குக் கொண்டைக்கடலையில் பாதியை அவர் தட்டுக்குத் தள்ளினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்ற பாடம் காற்றில் போனது. காற்று வேறு வழியாகவும் போனது. ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது பீப் பீப் என்று சத்தம் கொடுக்கும் இல்லையா, அந்தச் சத்தம் வண்டியிலிருந்து வருகிறதா ஓட்டுகிறவரிடமிருந்து வருகிறதா என்று கிடங்கில் பந்தயம் கட்டினார்களாம். அதை அவரே வந்து சொல்லிச் சிரித்தார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் கம்பெனியில் மேனேஜர் ஓய்வு பெற்றபோது பெரிய கேக் வெட்டினார்கள். கேக் என்றால் அவளுக்கு உயிர். சின்னதாக ஒரு துண்டு எடுத்துக்கோங்கக்கா, ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று ஆளாளுக்கு வற்புறுத்தினார்கள். அவள் தட்டைக் கையில் வாங்கி, பார்த்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். அவர் அங்கே தொடாமல் இருக்கும்போது நான் இங்கே எப்படித் தொடுவது என்றாள். தையல் லைன் பெண்கள் அன்று முழுக்க அவளைக் கேலி செய்தார்கள். அவளுக்கு அந்தக் கேலியும் கேக் சாப்பிட்டது போல்தான் இருந்தது.

அடுத்த சோதனையிலும் அவருக்கு ஏற்றம்தான். டாக்டர் பெருமூச்சு விட்டு, இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டும் இறங்கவில்லை என்றால் உடம்பில் இன்சுலின் ஊறுவதே நின்றுவருகிறது என்று அர்த்தம், இனி ஊசிதான் என்றார். வீட்டுக்காரருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். டன் கணக்கில் பாரம் தூக்குகிறவர், அந்த முடியளவு ஊசியைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதனால் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. தினமும் காலையில் கையைக் கழுவி, பேனா போலிருக்கும் ஊசியின் அளவைத் திருகி வைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் பார்த்து, அவர் வயிற்று மடிப்பில் போடுவாள். அவர் ஆ என்பார். அவள் பாவம் என்று தடவிக் கொடுப்பாள். சுகர் இறங்கவே இல்லை என்று டாக்டர் அந்த அளவையும் இரண்டு முறை கூட்டினார்.

கம்பெனி டாக்டர் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வேண்டாத வேண்டுதல் இல்லை. இவர் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தால் அந்த முகத்தைத் தன்னால் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள், வேலை நடந்துகொண்டிருக்கும்போது, அவளுக்குப் போன் வந்தது. வீட்டுக்காரர் வண்டியில் மயங்கிவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்றார்கள். வியர்த்துக் கொட்டியதாம், ஏதோ உளறினாராம். நல்ல வேளை, பாரத்தை இறக்கி வைத்த பிறகு சாய்ந்தாராம். உயரத்தில் தூக்கிப் பிடித்திருந்த நேரத்தில் என்றால் கீழே நின்றவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று போன் செய்தவரும் சேர்த்துச் சொன்னார். அவள் கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

வார்டில் அவர் கண் மூடிப் படுத்திருந்தார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சுகர் அதல பாதாளத்துக்கு இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்று நர்ஸ் சொன்னாள். பத்து மாதமாக இறங்கு இறங்கு என்று அவள் கும்பிட்ட சுகர், இறங்கின லட்சணம் இது. நர்ஸ் அவளை ஓரமாக அழைத்துப்போனாள்.

"காலையில ஊசி போட்டது யாரு?"

"நான்தான் சிஸ்டர்."

"அளவை மாத்தி வெச்சுட்டீங்களா? கூடுதலாப் போட்டுட்டீங்கன்னு அவர் சொல்றாரே."

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அவரே சொல்லியிருக்கிறார். அவர் ஏன் இல்லாததைச் சொல்லப் போகிறார்? அவள் காலையை மறுபடி நினைத்துப் பார்த்தாள். பேனாவைத் திருகினாள், ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். பார்த்தாளா? அடுப்பில் பார்லி பொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை பார்த்தது இன்றைக்கா, நேற்றைக்கா? நினைக்க நினைக்க எண் கலங்கியது. ஊரார் சட்டையில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிறவள், கட்டின புருஷன் உடம்பில் பிசகிவிட்டாள். "இருக்கலாம் சிஸ்டர்" என்று சொன்னாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

நர்ஸ் ஒரு பேனா ஊசியை எடுத்து வந்து, பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, எப்படித் திருக வேண்டும், எண்ணை எங்கே பார்க்க வேண்டும் என்று முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொல்லிக்கொடுத்தாள். எங்கே, நீங்க செய்து காட்டுங்க என்றாள். செக்கிங்கக்கா செய்து காட்டினாள்.

பிறகு கட்டிலுக்குப் போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "என் கை தப்பிடுச்சுங்க. உங்களைக் கொல்லப் பார்த்துட்டேன்" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே பார்த்துச் சொன்னார். "சரி விடு. மனுஷங்கதானே. தப்பு யாருக்கும் வரும்."

மன்னித்துவிட்டார். எவ்வளவு பெரிய மனசு. அவளுக்கு அதைக் கேட்டு அழுகை இன்னும் கூடியது. உலகத்தில் இப்படி ஒரு மனிதர் யாருக்குக் கிடைப்பார் என்று அந்த நேரத்தில் அவள் உண்மையாகவே நினைத்தாள். பின்னால் வேறு எதை மறந்தாலும் அப்படி நினைத்ததை அவளால் மறக்க முடியவில்லை.

மாலையில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அவருக்கு அக்கா, தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வீடு கிடங்குக்குப் போகிற வழியில்தான். மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. செய்தி கேட்டு, வந்த பஸ்ஸிலிருந்து பையோடு நேரே வார்டுக்குள் நுழைந்தவள், தம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, செக்கிங்கக்கா பக்கம் திரும்பினாள். வார்டே திரும்பிப் பார்க்கிற குரலில் ஆரம்பித்தாள். புருஷனுக்குத் தவிடு போட்டுப் பட்டினி போடுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அக்கா, விடுக்கா என்று கட்டிலிலிருந்து அவர் முனகினார்.

"நான் ஏன்டா விடணும்? நான் ஊர்ல இருந்த வரைக்கும் உனக்கு ஒரு தலைவலி வந்துச்சா? காலையில வேலைக்குப் போறப்ப நாலு வெள்ளை ரொட்டி வெண்ணெயோட, சாயந்திரம் திரும்பறப்ப கேக்கும் சர்க்கரை போட்ட டீயும். நான் குடுத்த சாப்பாட்டுலதான் நீ நடமாடிக்கிட்டு இருந்த. ஒரே ஒரு வாரம் நான் இல்லை, இவ சாப்பாட்டை மட்டும் தின்ன, படுத்துட்ட பாரு."

செக்கிங்கக்கா அழுகையை நிறுத்திவிட்டாள்.

"எவ்வளவு நாளா அண்ணி?" என்று கேட்டாள்.

"நீ அந்தக் கொண்டைக்கடலையை ஆரம்பிச்ச நாள்லேர்ந்துதான். கண்ணுல தண்ணி விட்டான் என் தம்பி. சுகரெல்லாம் சரியாயிடுச்சுக்கா, டாக்டரே எல்லாம் சாப்பிடச் சொல்லிட்டார், இவதான் விட மாட்டேங்கறா, மாட்டுத் தீவனமா போடறான்னு சொன்னான்."

அமிர்தம் என்றவர் சொன்ன வார்த்தை மாட்டுத் தீவனம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் ஒரு பேக்கரியையே கொண்டைக்கடலைக்கு அடியில் மறைத்திருக்கிறார்.

ஆனால் அவளைக் குத்தியது ரொட்டி இல்லை. ஒரு சட்டையில் ஓரிடத்தில் தையல் பிரிந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் பார்த்துப் பிரயோசனமில்லை, நூல் எங்கே விட்டது என்று பின்னாலேயே விரலை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் போனாள். ரொட்டியும் கேக்கும் ஏற்றிய சுகருக்குத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதே சுகருக்குத்தான் ஊசி எழுதினார், அளவையும் ஏற்றினார். பொய்க்கு அளந்து கொடுத்த மருந்து அது. அதைத்தான் அவள் தினமும் கைகழுவிப் போட்டிருக்கிறாள். அக்கா ஊரில் இல்லாத வாரம், ரொட்டி இல்லாத வயிற்றில், அந்த மருந்து அவரைச் சாய்த்துவிட்டது. கடையில் வாங்கித் தின்றிருக்கலாம்தான், ஆனால் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். ஊசியின் அளவு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவள் இரண்டு தடவையும் பார்த்திருக்கிறாள். இது எல்லாம் அவருக்கும் தெரியும்.

"ஏங்க" என்றாள். "ஊசி அளவு மாறிடுச்சுன்னு சிஸ்டர்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

அவர் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கடைசியில் தணிந்த குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "சாப்பாட்டுல ஏமாத்தினேன்னு தெரிஞ்சா கம்பெனியில வண்டியை வாங்கிப்பாங்க. ஊசி தப்புன்னா வீட்டுல நடந்த தப்பு, என்மேல வராது. உன்னை யாரு என்ன கேட்கப் போறாங்க?"

நாக்குக்காகத் திருட்டுத்தனம் செய்திருக்கலாம், வண்டிக்காகப் பொய் சொல்லியிருக்கலாம், அதையெல்லாம் அவள் திட்டித் தீர்த்து ஒரு வாரத்தில் மறந்திருப்பாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரார் செய்வதைக் கேட்டிருக்கிறாள். கையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர் அந்தக் கைமேலேயே பழியைப் போடுவார் என்று அவளுக்குத் தெரியாது.

"காலையிலேர்ந்து உங்களைக் கொல்லப் பார்த்தவ நான்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "உங்க காலைப் பிடிச்சேன். நீங்க என்னை மன்னிச்சீங்க."

நாத்தனாருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. சுகர் சரியாகவில்லையா, ஊசி எப்போதிலிருந்து போடுகிறீர்கள் என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டாள். விஷயம் விளங்கியதும் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என் கையாலேயே ஊட்டினேனே, என்கிட்டயுமாடா பொய் சொன்ன என்றாள். இந்தத் தடவை குரல் வெளியே வரவில்லை.

டாக்டர் சுற்றுக்கு வந்தார். நர்ஸ் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு, ஊசி அளவில்தான் தவறு என்றால் பழைய மருந்தையே தொடரலாம், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம், இனி கவனமாகப் போடுங்கள் அம்மா என்றார். போர்வைக்கு அடியில் வீட்டுக்காரரின் கை வந்து அவள் விரலைப் பிடித்தது. ஒரு அழுத்து அழுத்தியது. சொல்லாதே என்று அர்த்தம். செத்தாலும் சரி, சாவியை மட்டும் காப்பாற்று என்று அர்த்தம்.

அதே மருந்தைப் போட்டுக்கொண்டு அவள் சமையலை மட்டும் சாப்பிட்டால் அடுத்த தடவை அவர் எழுந்திருக்கவே மாட்டார். அவள் விரலை உருவிக்கொண்டாள்.

"நான் அளவு மாத்திப் போடலை டாக்டர். இவர் தினமும் ரெண்டு வேளை வெளியில சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். இந்த வாரம்தான் சாப்பிடலை. மருந்தைக் குறைச்சு எழுதுங்க" என்றாள். எவ்வளவு நாளாக, என்னென்ன என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் உயரவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை.

டாக்டருக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதம் நான் யாருக்குத்தான் வைத்தியம் பார்த்தேன் என்று வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். பிறகு மருந்தை வெகுவாகக் குறைத்தார். கம்பெனிக்கு, மருந்தின் அளவைத் திருத்தியிருக்கிறோம், மூன்று மாதம் வண்டி ஓட்ட வேண்டாம், மூன்று மாத சுகர் பார்த்து முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். சாவி போகவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பிய காலையில் வீட்டுக்காரர் வழக்கம்போல் சட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவள் பேனா ஊசியை அவர் பக்கத்தில் வைத்தாள். "நீங்களே போட்டுக்கோங்க. என் கை தப்பாப் போற கை" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவர் எவ்வளவு நேரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. ஆனால் போட்டுக்கொண்டார். பயந்தவரும் தன் உயிர் என்றால் கற்றுக்கொள்கிறார்.

அன்று மதியம் அவள் கம்பெனி வாசலில் இருக்கும் கடையில் ஒரு கிரீம் பன் வாங்கினாள். யாருக்காகவோ விட்டுக்கொடுத்த கேக்கை வட்டியோடு தின்றுவிட வேண்டும் என்ற வேகம். பாதிக்கு மேல் இறங்கவில்லை. இந்தச் சவசவத்த பன்னுக்காகவா தன்னை விற்றார் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தையல் லைன் பெண் ஒருத்தி வந்து என்னக்கா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, தொண்டையில் அடைத்துக்கொண்டது என்றாள்.

அவள் சமைப்பதை நிறுத்தவில்லை. அதே காய், அதே பயறு, அதே ரொட்டி. தவிட்டை மட்டும் டயட்டீஷியனம்மா சொன்ன அளவுக்குக் குறைத்தாள். அவர் இப்போது அமிர்தம் என்று சொல்வதில்லை. குனிந்து சாப்பிட்டுவிட்டு, தட்டை அவள் பக்கம் சாய்த்துக் காட்டுவார். அவள் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவாள். லேபிள் மேசையில் உட்கார்ந்து வருகிறவர் நேரத்துக்கு வீடு வந்தார். நாத்தனார் தானாகவே போன் செய்து, அவன் இந்தப் பக்கமே வருவதில்லை, வந்தாலும் தண்ணீர் மட்டும்தான் கொடுப்பேன் என்று சொன்னாள். பொய் சொல்கிற குரல் இல்லை. அப்படியும் அவள் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் திருப்பித் தட்டிப் பார்த்தாள். துணுக்கு எதுவும் உதிரவில்லை. உதிராததும் அவளுக்கு நிம்மதி தரவில்லை. அவர் மேலே சாப்பாட்டு வாசனை வருகிறதா என்று பக்கத்தில் போய் மூச்சை இழுத்தாள். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு இப்படி மோப்பம் பிடிக்கிறோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கோபமாக இருந்தால் ஆறியிருக்கும். இது கோபம் இல்லை.

மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் முடிவைப் பார்த்தார். ஒரு முறை தலையாட்டினார், சிரித்தார். நன்றாக இறங்கியிருக்கிறது, கம்பெனிக்கு எழுதித் தருகிறேன், தாராளமாக வண்டி ஓட்டலாம் என்றார். நாங்கள் கொடுத்த மருந்தில் பாதிகூட இப்போது தேவையில்லை, உங்கள் வீட்டம்மா கைச் சமையல்தான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றும் சொன்னார்.

வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அவள் பக்கம் திரும்பினார். மூன்று மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு அவர் காத்திருந்தது டாக்டரின் வார்த்தைக்காக அல்ல, கம்பெனியின் சாவிக்காகக்கூட அல்ல, அவள் முகத்துக்காக என்பது அறையில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்கும். "பார்த்தியா" என்றார். "இந்தத் தடவை நான் பொய் சொல்லலை."

அவள் அந்த முடிவை வாங்கி எண்ணைப் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.